எங்கே என்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. வலியசாலையில் எங்கள் அக்ரஹாரத் தெரு முழுக்க இதே சட்டம்தான் என்றாலும், எங்கள் வீட்டில் அது சற்றுக் கடுமையாகவே அமலில் இருந்தது. தாத்தா செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபைலின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பி, ஆபீஸில் பாதிப் பேரைத் தூங்கவிடாமல் செய்தவர் என்று அப்பா சொல்வார். அப்பேர்ப்பட்ட தாத்தாவும் வாசற்படியில் ஒருவர் நிற்கிறார் என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

அதற்காகத் தெரிந்துகொள்ளும் ஆசையை விட்டுவிட முடியுமா? வேறு வழிகள் வைத்திருந்தார்கள். "வர நேரமாகுமோ?" என்பது தாத்தாவின் கேள்வி. "குடை எடுத்துண்டேளோ?" என்பது அம்மாவின் கேள்வி. "ராத்திரிக்கு உங்களுக்கும் சேர்த்து மாவு கரைக்கட்டுமோ?" என்பதும் அவளுடையதுதான். பதில்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போகிற இடம் தெரிந்துவிடும். நேரமாகும், மாவு வேண்டாம் என்றால் எங்கோ கல்யாண வரவேற்பு. இப்போதே வந்துவிடுவேன், குடையும் வேண்டாம் என்றால் பக்கத்து மளிகைக் கடை. ஒன்பது வயதில் பள்ளிக்கூடக் கணக்கைவிட இந்தக் கணக்கு எனக்கு நன்றாக வந்தது.

அத்தையிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி பம்பாய்க்குப் போனவள், அடுத்த வருஷமே ஒரு பெரிய பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. தெருவுக்கு அது கேள்வியாக இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் எதையும் நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். "எத்தனை நாள் லீவு?" என்றுதான் கேட்டார்கள். "பார்க்கணும் மாமி" என்பாள் அத்தை. "பம்பாய்ல இப்போ மழையோ?" என்று கேட்டார்கள். "தெரியல்லியே மாமி" என்பாள். பம்பாயில் மழை பெய்கிறதா என்று தெரியாத பெண் இனி பம்பாய்க்குப் போகப்போவதில்லை என்று அவர்களே புரிந்துகொண்டார்கள். பின்னால் கோர்ட்டிலும் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு யாரும் லீவைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசவில்லை. அத்தையும் வீட்டில் கேட்டதற்கு மட்டும், ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவளாக மாறிப்போயிருந்தாள்.

என்னிடம் மட்டும் அப்படி இல்லை. சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா கேட்பதெல்லாம் டிபன் டப்பா எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே, ரிப்பன் எங்கே என்பதுதான். அத்தையோ என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்துக்கொண்டே, "இன்னிக்கு உன்னை யாரு அழ வெச்சா? நீ யாரை அழ வெச்சே?" என்று கேட்பாள். இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லும் பதிலைக் கேட்டுச் சிரிப்பாள். ஒரு நாளில் நான் கண்டது, கேட்டது, செய்தது, செய்ய நினைத்தது எல்லாம் அந்த நேரத்துக்காகச் சேர்த்துவைத்துக்கொண்டு வருவேன். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அம்மாவைவிடக் கொஞ்சம் கூடவே பிடிக்கும் என்று இப்போது சொல்லலாம், அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம் ஓண லீவு முடிந்து பள்ளி திறந்ததும் அது நின்றுபோயிற்று. நான் வீட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வெளியே கிளம்ப ஆரம்பித்தாள். "வர நேரமாகுமோ?" என்பார் தாத்தா. "இல்லேப்பா." "குடை?" என்பாள் அம்மா. "இருக்கட்டும் மன்னி." இதை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது? சட்டத்தை மீறாமல் நானும் ஒரு கேள்வி கண்டுபிடித்தேன். "நானும் வரட்டுமா அத்தை?" அத்தை என் கன்னத்தைத் தட்டி, "நாளைக்கு" என்றாள். அந்த நாளை எத்தனை நாள் கழித்தும் வரவில்லை.

அவள் எங்கே போனாள், எதற்குப் போனாள் என்ற முழு விவரமும் எனக்குப் பல வருஷம் கழித்து அவளே சொல்லித்தான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓணத்துக்குச் சற்று முன்னால் தாத்தாவுக்குப் புதுக் கண்ணாடி போட, சாலைக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அத்தைதான் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண் பரிசோதிக்கிறவர் தாத்தாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். அது பிடிக்கிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையையும் நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே எழுத்துப் பலகை. கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லை மாற்றி இன்னொரு சில்லைப் போட்டு, "இதோ அதோ, ஏதா தெளிச்சம்?" என்று மலையாளத்தில் கேட்டார். இதுவா அதுவா, எது தெளிவு என்று. அத்தைக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பேசாமல் இருந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. "சாவகாசம் பறஞ்ஞா மதி" என்றார். மெதுவாகச் சொன்னால் போதும். வேண்டுமானால் இன்னொரு முறை போட்டுக் காட்டுகிறேன் என்று மறுபடியும் இதுவா, மறுபடியும் அதுவா. இரண்டு வருஷமாக எல்லோரும் பதிலைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் தன்னிடம் கேள்வி கேட்டார்கள், தன் பதிலுக்காகக் காத்திருந்த முதல் மனுஷர் அவர்தான் என்று அத்தை சொன்னாள். சொல்லும்போது இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவளுக்கு முகம் சிவந்தது.

அவருக்கு ஊர் பொன்முடிக்குப் போகிற வழியில் விதுரா. கடையில் பகல் வேலை முடிந்து சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவார். அத்தை அங்கே போய், அவருக்கு பஸ் வரும்வரை கூட நிற்பாள். அவ்வளவுதான் சங்கதி. பேசிக்கொண்டே ஒரு பஸ்ஸை விட்டுவிடுவார்கள், அடுத்ததில் அவர் ஏறிக்கொள்வார், அத்தை நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊரே வந்து போகிற கிழக்கேகோட்டையில், நடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் மலையாளி, வேறு சாதி. தாத்தா ஒரு முறை வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மீறிப் போகிற தைரியம் அத்தைக்கு இல்லை. பம்பாய்க்குப் போய் அவளைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தவரும் தாத்தாதான், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாதவர். அவர் கேட்டால் மறைக்கவும் அவளால் முடியாது. ஆக, அவர் கேட்காமல் இருக்கிறவரைக்கும்தான் அவளுக்கு அந்த அரை மணி நேரம்.

இந்த நிலையில்தான் நான் கேட்டுவைத்தேன்.

எல்லார் கையிலும் பெரிய திரை போன் வந்து சேர்ந்த புதிது. கோயில் உற்சவத்துக்காகத் தெருக்காரர்கள் போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார்கள். உற்சவம் முடிந்தும் குரூப் கலையவில்லை, கேள்வி கேட்கிற இடமாகத் தங்கிவிட்டது. கரண்ட் எல்லார் வீட்டிலும் போயிற்றா, எங்கள் வீட்டில் மட்டும்தானா? தேங்காய் பறிக்க நல்ல ஆள் உண்டா? கறிவேப்பிலைச் செடியில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, என்ன செய்வது? நேரில் பம்பாய் மழையைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள், போனில் மட்டும் பளிச்சென்று கேட்டார்கள். பளிச்சென்று பதிலும் வந்தது. தெரிந்தவர்கள் சுருக்கமாகச் சொன்னார்கள், தெரியாதவர்கள் விரிவாகச் சொன்னார்கள்.

தாத்தாவுக்கு விரல் நடுங்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவேன். தாத்தாவின் கேள்விகள் எல்லாம் செக்ரட்டேரியட் மொழியில்தான் இருக்கும். "இன்று குழாயில் தண்ணீர் வருமா? அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்." தெருவே உடனே தெரிவிக்கும். இவ்வளவு நன்றாகப் பதில் சொல்லும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது. மூடி போட்ட ஒரு ரோஸ் நிற சோப்புப் பெட்டி. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு. பள்ளி வேனிலிருந்து இறங்கி ஓடி வருகிறேன், அத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். "அடி சக்கே! வந்து பார்க்கறேண்டி கண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தெரு முனை திரும்பும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

உள்ளே தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் தாத்தாவின் போன். யோசித்துப் பார்த்தேன். வாசலில் நிற்கிறவரிடம் கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்? அவள் போயாகிவிட்டது. கேட்கப்போவதும் அவளிடம் இல்லை. அதனால் காரியம் கெட வழியே இல்லை. வழக்கம் போலவே தாத்தாவின் பாஷையிலேயே அடித்தேன்.

"நமது இல்லத்துப் பெண் தினமும் சாயங்காலம் எங்கே போகிறாள்? அறிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்."

வழக்கமாகப் பாய்ந்து வரும் பதில் அன்று வரவில்லை. பெண்ணைப் பெற்ற தகப்பனாரே தெரு முழுக்கக் கேட்கிறார் என்றால் என்ன ஆகியிருக்கும் அந்தத் தெருவுக்கு! அத்தனை பேரும் அவளைக் கிழக்கேகோட்டையில் பார்த்தவர்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

எதிராத்து மாமி: "எங்காத்துலதான் இருக்கா மாமா. என் பொண்ணுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறா."

அதே நிமிஷத்தில் கடைசி வீட்டு மாமா: "இப்போதான் கோயில்ல பார்த்தேன். பிரதட்சிணம் பண்ணிண்டிருந்தா."

காலேஜில் படிக்கும் ஒரு அண்ணா: "அக்கா லைப்ரரிலயாக்கும். என்னோட பக்கத்துலதான் இருக்கா, கேட்டோ."

மாடி வீட்டு மாமி: "ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குன்னா போறா? நல்ல கிளாஸாக்கும்."

இன்னொருவர் எதுவும் சொல்லாமல், பூவும் விளக்குமாக மாலை வணக்கப் படங்களாக அனுப்பித் தள்ளினார். வேறொருவர் நீரிழிவுக்கு வெந்தயம் எப்படி நல்லது என்று நீளமாக ஒன்றை அனுப்பினார். என் கேள்வி மேலே மேலே போய்த் திரையை விட்டே மறைந்தது. எனக்கு ஒரே குழப்பம். ஒரே அத்தை கோயிலில் சுற்றிக்கொண்டே லைப்ரரியில் எப்படி உட்காருவாள்? அதைவிட, பாட்டு? எங்கள் அத்தை தாலாட்டுப் பாடினால் தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடும்.

இதற்குள் தெருவில் ஸ்கூட்டர் சத்தம். கடைசி வீட்டு மாமா, கோயிலில் இருப்பதாகச் சொன்னவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைப் பக்கம் பறந்தார். எதிராத்து மாமி ஒரு கிண்ணத்தில் இஞ்சிப்புளியோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். தாத்தா தூங்குவதை எட்டிப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"நீயாடி கேட்டே?"

தலையாட்டினேன்.

"ஐயோ, என் ஈஸ்வரா! அதை அழிச்சுடு. சட்டுனு அழி!"

"பதிலெல்லாம் வந்திருக்கே மாமி" என்றேன். வந்த பதிலை யாராவது அழிப்பார்களா?

"அழிடின்னா!" என்று அவள் சற்று உரக்கச் சொல்லிவிட்டாள். தாத்தா எழுந்துவிட்டார்.

முகம் கழுவி, துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போனுக்குக் கையை நீட்டினார். மாமி கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றாள். துணி மூட்டையோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். தாத்தா வெந்தயத்தையும் மாலை வணக்கங்களையும் தள்ளித் தள்ளி, என் கேள்வி வரைக்கும் போனார். அதை ஒரு முறை படித்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் பதில்களை ஒவ்வொன்றாக, ஃபைல் படிக்கிறவர் மாதிரி, வாய்விட்டே படித்தார். பாட்டு. பிரதட்சிணம். லைப்ரரி. ஸ்போக்கன் இங்கிலீஷ். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அத்தை வந்தாள். ஸ்கூட்டரில் ஏற்றி, பின் சந்து வழியாக எதிராத்துக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மாமியின் பதிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மாமியின் பெண் அவள் கையில் ஸ்ருதிப் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தெருவைக் கடந்து, ஸ்ருதிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்து எங்கள் வாசலில் வந்து நின்றாள். வெளியே போகிறவளிடம்தான் கேட்கக் கூடாது. உள்ளே வருகிறவளிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தாத்தா அடிக்கப்போகிறார் என்று நினைத்து, அவர் யாரையும் அடித்ததில்லை என்றாலும், நான் போய் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பிள்ளைக்கு விதுரா பஸ் கெடச்சுதோ?"

தாத்தா அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"இல்லேப்பா" என்றாள் அத்தை கடைசியில். "சொல்லிக்காமயே வந்துட்டேன்."

"அப்போ அங்கேயேதான் நின்னுண்டிருப்பான். பாவம், ஒண்ணும் மனசிலாகாம. போய், ஆத்துக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போகச் சொல்லு."

அத்தை ஸ்ருதிப் பெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமலே. அம்மா அவள் முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்து அனுப்பிவைத்தாள். இந்த முறை கடைசி வீட்டு மாமா வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அத்தை போகிற போக்கில் என் சோப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கி, திறந்து பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

தாத்தாவுக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவர் காதும் மூடியா இருந்திருக்கும்? ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற மகள், ஒரு சின்னக் கேள்விக்கு யோசித்து யோசித்துப் பதில் சொல்வதை அவர் கேட்டிருப்பார். விதுரா என்ற ஊர்ப் பெயரும் அங்கேயே காதில் விழுந்திருக்கும். இது என் ஊகம்தான். மறு வருஷம் ஆவணியில் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தவர் எனக்கு அத்திம்பேர் ஆனார். அத்தை விதுராவுக்குப் போனாள். என் சாயங்காலங்கள் அதோடு போயின. அதற்கு நான் அழுத அழுகை தனிக்கதை.

அன்றைக்கோ எனக்கு வேறு கவலை. எதிராத்து மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே போன பிறகு நானும் தாத்தாவும் மட்டும் இருந்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. போனை என்னிடம் நீட்டி, குரூப்புக்கு ஒன்று எழுது என்றார். எனக்குக் கை வரவில்லை.

"தாத்தா, அத்தை பஸ் ஸ்டாண்டுலன்னா இருந்தா?"

"ஆமாம்."

"அப்போ இவா எல்லாரும் பொய் சொல்லியிருக்காளே!"

"ஆமாண்டி" என்றார் தாத்தா. மறுபடியும் அந்தப் பதில்களைப் பார்த்தார். "அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கா. எவ்வளவு நல்ல மனுஷா, பார்த்தயோ?"

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஊரே சேர்ந்து கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது, அதைக் கண்டுபிடித்தும் இப்படிச் சொல்கிறாரே, தாத்தாவுக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அதனால் அவரை எதிர்த்து எதுவும் பேசாமல், அவர் சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன்.

"தகவல் கிடைத்தது. பதில் அளித்த அனைவருக்கும் என் நமஸ்காரம்."